பெயரை வாங்கலாம், தொடர்ச்சியை வாங்க முடியாது

2020 அக்டோபர் 2 அன்று ‘ஸ்டார் வார்ஸ்: ஸ்குவாட்ரன்ஸ்’ என்ற வீடியோ கேம் வெளியானது. இருபது ஆண்டுகளாக ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது பதிலாக வந்தது. ‘எக்ஸ்-விங்’ வரிசையில் அடுத்தது எப்போது என்பதுதான் அந்தக் கேள்வி. விண்கலத்தின் விமானி இருக்கையில் நம்மை உட்காரவைத்து, இருக்கும் மின்னாற்றலில் கவசத்துக்கு எவ்வளவு, லேசருக்கு எவ்வளவு என்று நொடிக்கு நொடி கணக்குப் போடவைக்கும் ஸ்டார் வார்ஸ் விளையாட்டு 1999-க்குப் பிறகு வரவே இல்லை.

பெயரளவில் ஸ்குவாட்ரன்ஸ் புதிய விளையாட்டு. ஆனாலும் பழைய வரிசையின் வாரிசாகவே அதைப் பலரும் பார்த்தார்கள். வாரிசிடம் எதிர்பார்ப்பதை எல்லாம் அதனிடமும் எதிர்பார்த்தார்கள். மறுபடியும் காக்பிட்டுக்குள் உட்கார முடிந்ததே என்று மகிழ்ந்தவர்கள் ஒரு பக்கம். கதைப்பகுதி சட்டென்று முடிந்துவிடுகிறதே, ஓட்டுவதற்கு எட்டே கலங்கள்தானா, ஜாய்ஸ்டிக்கை லேசாக அசைத்தால் கலம் திரும்பவில்லையே என்று குறை சொன்னவர்கள் மறுபக்கம்.

இப்படிக் குறை சொல்கிறவர்களைப் பற்றி விளையாட்டுத் துறையில் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. இவர்கள் பழைமையில் ஊறியவர்கள், எதைக் கொடுத்தாலும் நிறைவடையாதவர்கள் என்பதே அது. அந்த எண்ணம் தவறானது. 1993 முதல் இந்த விளையாட்டுகள் கடந்துவந்த பாதையைப் பார்த்தால், ரசிகர்கள் மாற்றத்தை எதிர்த்தவர்கள் அல்லர் என்பது விளங்கும். விளையாட்டின் உயிர்நாடியில் கைவைத்தபோதுதான் அவர்கள் குரல் உயர்ந்தது. அந்த உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை, உரிமம் வைத்திருந்த நிறுவனங்களைவிட அவர்கள் துல்லியமாக அறிந்திருந்தார்கள்.

போர் விமானத்திலிருந்து விண்கலத்துக்கு

1977-இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தின் விண்போர்க் காட்சிகளைத் திட்டமிட, ஜார்ஜ் லூகாஸ் இரண்டாம் உலகப் போர்க்கால விமானச் சண்டைகளின் படத்துண்டுகளைத் தொகுத்து முன்மாதிரியாக வைத்துக்கொண்டார். காற்றே இல்லாத வெளியில் எக்ஸ்-விங் கலங்கள் சிறகு சாய்த்துத் திரும்புவது அதனால்தான். எதிரியின் டை ஃபைட்டர் கலம் எழுப்பும் அலறலை ஒலி வடிவமைப்பாளர் பென் பர்ட், யானையின் பிளிறலையும் ஈரச் சாலையில் ஓடும் காரின் இரைச்சலையும் கலந்து உண்டாக்கினார்.

ஒரு கேம் நிறுவனம் உரிமம் பெறும்போது அதன் கைக்கு வருபவை இந்த உருவங்களும் ஒலிகளும் பெயர்களும்தான். 1983-இல் அட்டாரி நிறுவனம் வண்ணக் கோடுகளாலேயே விண்வெளியை வரைந்து ஓர் ஆர்கேட் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. லூகாஸின் சொந்த கேம் நிறுவனமான லூகாஸ் ஃபிலிம் கேம்ஸோ (பின்னாளில் லூகாஸ் ஆர்ட்ஸ்) பல ஆண்டுகள் ஸ்டார் வார்ஸைத் தொட முடியாமல் இருந்தது. உரிமம் வெளியாரிடம் இருந்தது. அந்தக் காலத்தில் அங்கே லாரன்ஸ் ஹாலண்ட் என்ற வடிவமைப்பாளர் இரண்டாம் உலகப் போரின் விமானச் சண்டைகளை வைத்து மூன்று விளையாட்டுகளை உருவாக்கினார். 1988-இல் ‘பேட்டில்ஹாக்ஸ் 1942’, 1989-இல் ‘தெயர் ஃபைனஸ்ட் அவர்’, 1991-இல் ‘சீக்ரெட் வெப்பன்ஸ் ஆஃப் தி லுஃப்ட்வாஃபே’. பின்வாலில் தொற்றிக்கொண்ட எதிரியை உதறுவது, குண்டுவீச்சு விமானத்துக்குக் காவலாகப் பறப்பது, திரும்பி வருவதற்குள் விமானம் சிதறாமல் பார்த்துக்கொள்வது என்று விமானியின் அன்றாட வேலையை அவர் அந்த மூன்றிலும் கற்றுத் தேர்ந்தார்.

1993-இல் எட்வர்ட் கில்ஹாமுடன் சேர்ந்து ஹாலண்ட் ‘எக்ஸ்-விங்’கை வெளியிட்டபோது, படத்துக்குள் ஒளிந்திருந்த போர் விமானம் வெளிப்பட்டது. கலத்தின் மின்னாற்றல் ஓர் அளவுதான். லேசரை ஏற்றினால் வேகம் குறையும். கவசத்தை வலுவாக்கினாலும் வேகம் குறையும். எல்லாவற்றையும் வேகத்துக்குக் கொடுத்தால் ஒரே அடியில் சாவு. முன்கவசத்தைக் குறைத்துப் பின்கவசத்தைக் கூட்ட வேண்டிய நொடி எது என்பதை அனுபவம்தான் சொல்லித்தரும். சந்தேகப்பட்ட சரக்குக் கப்பலை நெருங்கிப்போய் உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிரி முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பான்.

‘எக்ஸ்-விங்’ விளையாடியவர்களை ஈர்த்தது இந்தப் பொறுப்புதான். புகழ்பெற்ற மெஸ்ஸின் பெயர்ப்பலகையை யார் வேண்டுமானாலும் விலைகொடுத்து வாங்கி மாட்டலாம். கைப்பக்குவம் பலகையோடு சேர்ந்து வருவதில்லை. உரிமம் பெற்ற விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும்.

துணிச்சலுக்குக் கிடைத்த வரவேற்பு

1994-இல் அடுத்த பாகமாக ‘டை ஃபைட்டர்’ வந்தது. ரசிகர்கள் பழகியதையே கேட்பார்கள் என்பது உண்மையானால் இந்த விளையாட்டு தோற்றிருக்க வேண்டும். ஏனென்றால் அது எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பியது. கிளர்ச்சிப் படையின் வீரராக இருந்தவர் இப்போது கொடுங்கோல் பேரரசின் விமானி. கவசம் இருந்த கலத்தின் இடத்தில் கவசமே இல்லாத டை ஃபைட்டர். நாவல்களில் மட்டும் வாழ்ந்த த்ரான் என்ற தளபதி இதில் வந்தார். மேலதிகாரி சொன்ன வேலை ஒன்று. முக்காடு போட்ட ஒருவர் பேரரசரின் சார்பில் ரகசியமாகத் தரும் வேலை இன்னொன்று.

இதற்குக் கிடைத்த வரவேற்பு இன்றுவரை தணியவில்லை. எல்லாக் காலத்துக்குமான சிறந்த கணினி விளையாட்டுகளைப் பட்டியலிடும்போதெல்லாம் ‘டை ஃபைட்டர்’ இடம்பெறுகிறது. காரணம் எளிது. களம் மாறியது, தரப்பு மாறியது, அறநிலைகூட மாறியது; விமானியின் பொறுப்பு மட்டும் அப்படியே இருந்தது. கூடவே, முதல் பாகத்தின் மீது சொல்லப்பட்ட நியாயமான குறை ஒன்றும் தீர்க்கப்பட்டது. ‘எக்ஸ்-விங்’கில் பல பணிகளை வடிவமைப்பாளர் மனத்தில் வைத்திருந்த வரிசைப்படி செய்யாவிட்டால் முடிக்கவே முடியாது. அடுத்த பாகத்தில் எளிது, நடுத்தரம், கடினம் என்று நிலைகள் வந்தன; கட்டாய இலக்கு எது, கூடுதல் இலக்கு எது என்பது தெளிவானது. கடினத்தைக் குறைத்தார்கள் என்று யாரும் கொடிபிடிக்கவில்லை. குறையைக் காதில் வாங்கியதோடு புதிய கற்பனைக்கும் துணிந்தது அந்த விளையாட்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று பகை என்று நினைக்கிற உருவாக்குநர்கள் 1994-ஐத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

கதை எங்கே என்று கேட்டார்கள்

மூன்றாவது பாகமான ‘எக்ஸ்-விங் வெர்சஸ் டை ஃபைட்டர்’ 1997-இல் வந்தது. இணையம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். எட்டுப் பேர் வரை ஒருவரோடு ஒருவர் மோதலாம் என்பது அன்று பெரிய தொழில்நுட்பச் சாதனை. நிறுவனமும் அதையே முன்னிறுத்தியது. ஆனால் பணிகளைக் கோத்துச் செல்லும் கதை அதில் இல்லை. பயிற்சிகளும் தனித்தனி மோதல்களும் இருந்தன. யாருக்காக, எதற்காக என்ற இழை அறுந்திருந்தது.

எதிர்ப்பு உடனே எழுந்தது. அதைப் புதுமைக்கு எதிரான முணுமுணுப்பு என்று தள்ளியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் ஹாலண்டின் டோட்டலி கேம்ஸும் வெளியீட்டாளரான லூகாஸ் ஆர்ட்ஸும் அப்படிச் செய்யவில்லை. அதே ஆண்டுக்குள் ‘பேலன்ஸ் ஆஃப் பவர்’ என்ற கூடுதல் தொகுப்பு வந்தது. இரண்டு தரப்புக்கும் கதையோடு கூடிய பணித்தொடர்கள் அதில் இருந்தன. நண்பர்கள் சேர்ந்தும் அவற்றை விளையாடலாம். இணைய வழி மோதல் என்ற புதுமையும் கைவிடப்படவில்லை, கதை என்ற பழைய பலமும் திரும்பி வந்தது.

அதற்கு அடுத்த படி 1999-இல் வந்த ‘எக்ஸ்-விங் அலையன்ஸ்’. சரக்குக் கப்பல் தொழில் செய்யும் அசமீன் குடும்பத்தின் இளைய பிள்ளையாக விளையாட்டைத் தொடங்குகிறோம். தொழில் போட்டி, துரோகம், குடும்பத்தின் சிதறல் என்று வளரும் கதை, கடைசியில் படங்களில் வரும் எண்டோர் போரில், புகழ்பெற்ற மில்லேனியம் ஃபால்கன் கலத்தை நம் கையில் கொடுக்கிறது. 1997-இல் எழுந்த குறைகூறலுக்கு இதைவிட மரியாதையான பதில் இருக்க முடியாது.

கன்சோல்களில் வந்த ‘ரோக் ஸ்குவாட்ரன்’ வரிசைக்கும் இதே அனுபவம் உண்டு. ஃபேக்டர் 5 நிறுவனம் 1998-இல் தொடங்கிய அந்த வரிசையின் இரண்டாம் பாகமான ‘ரோக் லீடர்’, 2001-இல் நின்டென்டோவின் கேம்கியூப் கருவியோடு வந்து கண்களைக் கொள்ளைகொண்டது. 2003-இல் வந்த ‘ரெபெல் ஸ்ட்ரைக்’கில் விமானியைக் கலத்திலிருந்து இறக்கித் தரையில் ஓடவிட்டுச் சுடவைத்தார்கள். விமர்சகர்களும் ரசிகர்களும் ஒருமித்துக் குறைசொன்னது அந்தப் பகுதிகளைத்தான். அதே விளையாட்டில் ‘ரோக் லீடர்’ பணிகளை இருவர் சேர்ந்து பறந்து முடிக்கும் வசதி புதிதாக வந்தது, அதைப் பாராட்டினார்கள். இரண்டுமே புதியவைதான். ஒன்று பறத்தலை வளர்த்தது, இன்னொன்று பறத்தலை மறந்தது. ரசிகர்கள் இரண்டையும் சரியாகப் பிரித்து அறிந்தார்கள்.

உரிமம் கைமாறிய காலம்

‘அலையன்ஸ்’ வந்த 1999-இலேயே வெளியான ‘ஃப்ரீஸ்பேஸ் 2’ என்ற விண்போர் விளையாட்டு தரத்தில் உயர்ந்து விற்பனையில் வீழ்ந்தது. விண்போர் விளையாட்டுகளில் பணம் போட நிறுவனங்கள் தயங்கின. 2012-இல் லூகாஸ் ஃபிலிமை டிஸ்னி 400 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்குவதாக அறிவித்தது. 2013 ஏப்ரலில் லூகாஸ் ஆர்ட்ஸின் கேம் உருவாக்கப் பணி நிறுத்தப்பட்டது. அடுத்த மாதமே கன்சோல், கணினி விளையாட்டுகளுக்கான பிரத்யேக உரிமம் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனத்துக்குப் போனது. இந்தக் கைமாற்றங்களில் ‘எக்ஸ்-விங்’ என்ற பெயரும் உருவமும் பத்திரமாக இருந்தன. அதைப் பறக்கவைக்கும் கலையைத் தொடர ஆளில்லை.

அந்த வெற்றிடத்தை ரசிகர்கள் தங்கள் உழைப்பால் நிரப்பினார்கள் என்பதுதான் இந்த வரலாற்றில் மிகவும் போற்றத்தக்க பகுதி. ‘எக்ஸ்-விங் அலையன்ஸ்’ விளையாட்டின் கலங்களை ஒவ்வொன்றாகப் புதிய நேர்த்தியுடன் செதுக்கி, பழைய இன்ஜினை இன்றைய கணினிகளில் ஓடவைத்தார்கள். அதன்மீதே 1994-ஆம் ஆண்டின் ‘டை ஃபைட்டர்’ முழுவதையும் மீண்டும் கட்டி எழுப்பி 2021-இல் இலவசமாக வெளியிட்டார்கள். அதை விளையாட, அடித்தளமான ‘எக்ஸ்-விங் அலையன்ஸ்’ விளையாட்டை விலைகொடுத்து வாங்கியிருக்க வேண்டும். சம்பளம் வாங்காத இந்த உழைப்பு, உரிமையாளரின் பழைய சரக்குக்கே புதிய விற்பனையைத் தேடித் தந்தது. இவர்களைத் திருப்தியே அடையாதவர்கள் என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

ஸ்குவாட்ரன்ஸ் செய்ததும் விட்டதும்

2017-இல் ‘பேட்டில்ஃப்ரன்ட் 2’ என்ற ஸ்டார் வார்ஸ் விளையாட்டு வந்தபோது, அதிர்ஷ்டப் பெட்டிகளுக்குப் பணம் கட்டினால் ஆட்டத்தில் பலம் கூடும் என்ற ஏற்பாட்டுக்கு எதிராகப் பெரும் கொந்தளிப்பு எழுந்தது. வெளியீட்டுக்கு முந்தைய நாள் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் அந்தக் கட்டண வசதியை நிறுத்திவைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ஸ்குவாட்ரன்ஸில் அந்தக் கொந்தளிப்பின் சுவடு தெரிகிறது. அப்போது வழக்கமாக 60 டாலராக இருந்த விலை இதற்கு 40 டாலராக இருந்தது. உள்ளே கட்டணப் பெட்டிகள் எதுவும் இல்லை.

மான்ட்ரியலின் மோட்டிவ் ஸ்டுடியோ பல முடிவுகளைத் துணிந்து எடுத்தது. வெளியிலிருந்து கலத்தைப் பார்க்கும் கோணமே கிடையாது. போர் முழுவதையும் காக்பிட்டின் உள்ளேயிருந்துதான் பார்க்க வேண்டும். இன்ஜின், லேசர், கவசம் என்ற மூன்றின் கணக்கு திரும்பி வந்தது. மெய்நிகர் தலைக்கருவி அணிந்தும் விளையாடலாம். ஐந்து பேருக்கு ஐந்து பேர் மோதும் கடற்படை பாணிப் போர்களில் பெரும் போர்க்கப்பல்களைப் படிப்படியாக வீழ்த்த வேண்டும். இருபது ஆண்டுக் காத்திருப்பை மதித்து எடுத்த முடிவுகள் இவை. ரசிகர்கள் இவற்றைக் கொண்டாடினார்கள்.

குறைகளும் உண்மையானவை. ஜாய்ஸ்டிக்கின் நடுப்பகுதியில் அசைவே பதியாத இடைவெளி பெரிதாக இருந்தது. விமானம் ஓட்டுவது போன்ற அனுபவம் தருவதாகச் சொன்ன விளையாட்டில், பெருவிரலால் இயக்கும் கன்ட்ரோலருக்கு இருந்த நுணுக்கம் ஜாய்ஸ்டிக்குக்கு இல்லாமல் போனது. ரசிகர்கள் இதைச் சுட்டிக்காட்டிய பிறகு திருத்தங்கள் வந்தன. கதைப்பகுதியில் ஒவ்வொரு பணிக்கும் முன்னால் சக விமானிகள் எதிரே நின்று பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ‘டை ஃபைட்டர்’ போலப் பறக்கும்போதே கதையை வளர்க்கும் முறை குறைவாகவே இருந்தது. இணையப் போர்களிலோ உந்துவிசையை அடுத்தடுத்து ஏற்றிக் குறி சிக்காமல் பாயும் உத்தியைக் கைதேர்ந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். புதிதாக வந்தவர்கள் அவர்களுக்கு எதிரே நிற்க முடியாமல் விலகினார்கள். ஆட்கள் குறைந்தால் நிகரானவர்களோடு சேர்த்துவிடுவது கடினமாகும். அது கடினமானால் ஆட்கள் மேலும் குறைவார்கள்.

வெளியீட்டுக்குப் பிறகு புதிதாக எதையும் சேர்க்கும் திட்டம் இல்லை என்று முதலில் சொல்லியிருந்தார்கள். ஆனால் 2020 டிசம்பரில் பி-விங், டை டிஃபெண்டர் ஆகிய இரண்டு கலங்களும் கட்டணம் இல்லாமல் சேர்க்கப்பட்டன. இரண்டுமே பழைய வரிசையின் ரசிகர்களுக்கு நெருக்கமானவை. அந்தச் சேர்ப்பை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஆதரவு அதற்குப் பிறகு நீளவில்லை. இருபது ஆண்டு இடைவெளிக்குப் பிறகு மூட்டிய அடுப்பை மூன்று மாதத்தில் அணைத்தது சரியான முடிவு அல்ல.

ரசிகர்களுக்கும் ஒரு கடமை

எதிர்வினைகள் எல்லாமே மதிக்கத்தக்கவை என்று நான் சொல்லவில்லை. உருவாக்குநர்களைத் தனிப்பட்ட முறையில் ஏசுவதும் மிரட்டுவதும் கேம் உலகில் நெடுநாளாக இருக்கும் நோய். அதற்கு எந்த நியாயமும் கிடையாது. புதியவரைப் பார்த்து இது உனக்கான இடமில்லை என்று சொல்லும் பழைய கையும், தான் நேசிக்கும் விளையாட்டுக்கே குழிபறிக்கிறது. இந்த வகை விளையாட்டுகள் அருகிப்போனதற்குக் கற்றுக்கொள்ளும் வாசல் குறுகலாக இருந்ததும் ஒரு காரணம். ‘டை ஃபைட்டர்’ அந்த வாசலை அகலப்படுத்தியதால்தான் அதிகம் பேரைச் சென்றடைந்தது என்பதை மூத்த ரசிகர்கள் மறக்கக் கூடாது.

கோபத்துக்கும் குறைகூறலுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது கடினம் அல்ல. ஜாய்ஸ்டிக்கின் இந்த அளவில் இந்தப் பிழை இருக்கிறது என்பவர் வேலையை எளிதாக்குகிறார். எல்லாம் பாழாகிவிட்டது என்பவர் எதையும் சொல்லவில்லை. முதல் வகையைப் பெருக்குவது ரசிகர்களின் கையில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்துப் படிப்பது நிறுவனங்களின் கடமை.

செய்ய வேண்டியவை

2021 ஜனவரியில் லூகாஸ் ஃபிலிம் கேம்ஸ் என்ற பழைய பெயர் மீண்டும் உயிர்பெற்றது; ஸ்டார் வார்ஸ் விளையாட்டுகளை எலக்ட்ரானிக் ஆர்ட்ஸைத் தவிரப் பிற நிறுவனங்களும் உருவாக்கும் காலம் தொடங்கியது. உரிமம் இனி அடிக்கடி கைமாறும். அதனாலேயே தொடர்ச்சியைக் காக்கும் ஏற்பாடுகள் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்.

முதலாவது, பழைய பாகங்கள் எப்போதும் விற்பனையில் இருக்க வேண்டும். ‘எக்ஸ்-விங்’கும் ‘டை ஃபைட்டரும்’ 2014-இல்தான் இன்றைய கணினிகளுக்கு ஏற்றபடி மீண்டும் முறையாக விற்பனைக்கு வந்தன. அதுவரை அவற்றைக் காத்தவர்கள் தனிமனிதர்கள். புதிய பாகத்தை மதிப்பிட முந்தைய பாகம் எல்லோர் கையிலும் இருக்க வேண்டும். அது உருவாக்குநருக்கும் பாடநூல்.

இரண்டாவது, ஆதரவை நிறுத்தும் நாளில் பணிகளை உருவாக்கும் கருவிகளையாவது ரசிகர்களிடம் ஒப்படைக்க வேண்டும். ‘ஃப்ரீஸ்பேஸ் 2’வின் மூல நிரலை அதன் உருவாக்குநரான வோலிஷன் 2002-இல் திறந்துவிட்டது. விற்பனையில் தோற்ற அந்த விளையாட்டு இன்றும் ரசிகர்களின் கையில் வளர்ந்துகொண்டிருக்கிறது. உரிமம் பெற்ற விளையாட்டில் சட்டச் சிக்கல்கள் கூடுதல் என்பது உண்மை. ஆனாலும் ரசிகர்கள் லாபமின்றிச் செய்யும் மேம்பாடுகளை அனுமதிப்பதால் உரிமையாளருக்கு இழப்பு எதுவும் இல்லை என்பதை ‘அலையன்ஸ்’ காட்டிவிட்டது.

மூன்றாவது, தனியாகப் பறப்பவரின் கதைப்பகுதியைச் சடங்காக நடத்தக் கூடாது. சர்வர்கள் ஒருநாள் அணையும். இணையப் போர்கள் அன்றோடு முடியும். முப்பது ஆண்டுகள் கழித்தும் விளையாடப்படுபவை, கதையும் பணியும் கோத்துக் கட்டிய பாகங்களே.

நான்காவது, எதிர்வினைகளை விளம்பரப் பிரிவு மட்டும் படித்தால் போதாது. 1997-இல் வடிவமைப்பாளர்கள் அவற்றைப் படித்தார்கள். அதன் பலன் 1999-இல் கிடைத்தது. விளையாட்டை விலைகொடுத்து வாங்கி, நூற்றுக்கணக்கான மணி நேரம் அதில் பறந்து, பிழை எங்கே என்று குறித்துச் சொல்கிறவர், நிறுவனம் கேட்காமலே கிடைத்த ஆலோசகர். அடுத்த விண்போர் விளையாட்டுக்கு உரிமம் பெறும் நிறுவனம் எதுவாக இருந்தாலும், வரைபலகைக்கு முன் உட்காரும் முன்பே அந்த ஆலோசகர்களை அழைத்துக் கேட்கட்டும். பெயருக்குக் கொடுக்கும் கோடிகளில் சிறு பங்கைக்கூட அது கோராது. கிடைக்கப்போவதோ, இன்னொரு ‘டை ஃபைட்டர்’.